கால் சுற்று

ஒன்பது ஆண்டு நான் எழுதிய வாக்கியங்களில்
ஆளே இல்லை.
வரிமீனின் இதய நுனி வெட்டப்பட்டது.
அறுபதாம் நாள் மீண்டும் வளர்ந்திருப்பது காணப்பட்டது.
வெட்டியவள் நான்,
ஃப்ரைபுர்க்கில், விடிகாலை மூன்றரைக்கு,
மேசையோரம்
விதிப்படி அங்கே இருக்கக் கூடாத காப்பி.
கட்டுரையில் நான் வெறும் ‘பட்டது’.

ஆறாவது முறை பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.
அதிலும் ஆள் இல்லை.

இப்போது டுட்லிங்கன்.
எந்தக் கதவைத் தட்டினாலும்
கத்தரியோ இடுக்கியோ செய்கிறவர் திறக்கும் ஊர்.
எங்கள் கம்பெனி, அந்தக் கத்தரிகளை
நீராவியில் கிருமி நீக்கும் கலன் செய்கிறது.
கையேடு என் பொறுப்பு.
தங்கை போனில் கேட்டாள்:
டாக்டர் பட்டம் வாங்கினது
குக்கருக்குக் குறிப்பு எழுதவா?
பொய்யில்லை. பெரிய குக்கர்தான்.
விசில் மட்டும் கிடையாது.

முதல் வாரமே ஹைட்ருன் மௌட்டே
என் ‘செய்யப்பட வேண்டும்’களைச்
சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளினார்.
யார் செய்ய வேண்டும்? அவரிடம் சொல்.
எச்சரிக்கை செயலுக்கு முன்னால் வரணும்.
சுட்டுக்கொண்ட பிறகு
பக்கம் புரட்ட யாருக்குக் கை இருக்கும்?

எழுதுவது ஜெர்மனில்.
ஆனால் ரயிலில் என்னோடு ஏறிக்கொள்கிறது
ஏழாம் வகுப்பு இலக்கணம்.
தன்மை, முன்னிலை, படர்க்கை.
முன்னிலை என்றால் முன்னால் நிற்பவர்;
இத்தனை நாள் உறைக்கவில்லை.
நில், திற, மூடு, பொறு:
நம் வினைகளின் வேர் எல்லாமே ஏவல்,
ஆளைக் கூப்பிட்டபடிதான் பிறக்கின்றன.
நான்தான் அவற்றுக்குப்
‘பட்டது’ போர்த்திப் படுக்க வைத்தேன்.

இம்மெண்டிங்கன் பக்கம்
ஆகஸ்டில் டான்யூப் வெறும் கல்.
தண்ணீர் தரைக்குள் இறங்கி,
இரண்டரை நாள் கழித்துத் தெற்கே வேறோர் ஊரில் ஊறி,
வேறு கடலுக்குப் போகிறது.
உனக்கென்றே செய்த உவமை என்றான்
பழைய ஆய்வகத்து ஃபோல்கர்.
கையேட்டில் உவமை எழுதக் கூடாது என்றேன்.
தவிர,
ஆற்றுக்கு யாரும் வாடகை பாக்கிக் கடிதம் அனுப்பவில்லை.

ஸிங்கன் மருத்துவமனை நிலவறை.
மிர்வேத்தே என் வரைவைக்
கையுறையோடு வாங்கிக்கொண்டாள்.
நான் வாய் திறக்கக் கூடாது,
பார்க்க மட்டும். அதுதான் சோதனை.
ஆறாம் படிவரை தடையில்லை.
ஏழில் நின்றாள்.
“வடிகால் வால்வை மெதுவாகத் திறக்கவும்.”

மெதுவாக என்றால் எவ்வளவு?

மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்குக்காக
மூன்று நாள் முகம் பாராமல் இருந்தவள் நான்.
‘மெதுவாக’ என்று எழுதிவிட்டுத்
தூங்கியும் இருக்கிறேன்.

அவள் சட்டைக் கையை ஏற்றினாள்.
மணிக்கட்டில் வெந்து ஆறிய தோல்.
பழைய கலன், பழைய கையேடு.
அதிலும் மெதுவாகத்தான் என்றிருந்தது என்றாள்,
குறையாக இல்லை, தகவலாக.

சோதனை விதியை மறந்து கேட்டேன்:
நீங்கள் எப்படித் திறப்பீர்கள்?

கால் சுற்று. சீறல் அடங்கட்டும்.
அப்புறம் இன்னொரு கால் சுற்று.

அப்படியே எழுதிக்கொண்டேன்.
ஒரு சொல் கூட்டவில்லை.

கையேட்டில் என் பெயர் வராது.
அடியில் ஒரு எண், திருத்தம் மூன்று, அவ்வளவே.
மீன் கட்டுரையில் நாலாவதாக இருக்கிறது பெயர்;
அதை மேற்கோள் காட்டியவை பதினொன்று,
அதில் நான்கு நாங்களே.

இதைச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.
இரவில் அப்படி இல்லை.
விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன்
தொட்டியின் விளிம்புவரை வந்து திரும்புகிறது.
வெட்டிய இடத்தில் மறுபடி துடிக்கிறது.
எப்படி என்று கொஞ்சம் தெரியும்.
ஏன் என்பதை
நான் கண்டுபிடிக்கவில்லை.
நான்.